தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி



இந்த மலருக்கு ஒவ்வொரு குழுவும் தன் வரலாற்றை எழுதிக் கொடுக்கணும்னு கூட்டத்துல முடிவாச்சு. எங்க குழுவுல அதை என் தலையில கட்டிட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. பதினோரு வருஷமா குழுக் கணக்கு எழுதறேன். கணக்கு எழுதத் தெரியும், கட்டுரை எழுதிப் பழக்கமில்ல. தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

எங்க குழு 2000-ஆம் வருஷம் ஆரம்பிச்சது. பழைய தீர்மானப் புத்தகம் எல்லாம் ஊக்குநர் அக்கா வீட்டுப் பரண்ல ஒரு தகரப் பெட்டியில கிடந்தது. இறக்கி, தூசு தட்டி, ஒவ்வொரு பக்கமா படிச்சேன். 2003 ஜூலை மாசக் கூட்டத்துல இப்படி ஒரு வரி இருந்தது: “உறுப்பினர் ஊரை விட்டுச் சென்றுவிட்டதால் குழுவிலிருந்து நீக்கப்படுகிறார். கடன் பாக்கி ரூ.2,400.” அந்த வரியில இருந்த பேரு எங்கம்மா பேரு.

அதே வாரந்தான் எங்கம்மா திருப்பூர்ல இருந்து போன் பண்ணி, “கண்ணு, எனக்கு முன்ன மாதிரி முடியல. நீ பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு இங்கயே வந்துடு”ன்னு கேட்டிருந்தாங்க. போறதா வேண்டாமான்னு நாலு நாளா எனக்குத் தூக்கமில்ல. அந்த நேரத்துல இந்த வரி கண்ணுல பட்டுது. நான் கிளம்பினா என் பேருக்கும் இதே மாதிரி ஒரு வரி எழுதுவாங்க. எழுதற கையும் என் கையாத்தான் இருக்கும். அதனால எங்க குழு வரலாற்றை இந்த ஒரு வரியில இருந்தே சொல்றேன்.

ஊரை விட்டுப் போனவர்கள்

நம்ம தருமபுரி மாவட்டம் மானம் பார்த்த பூமி. ஒகேனக்கல்லில் காவிரி ஓடுது. ஆனா மேட்டு நிலத்துல இருக்கற எங்க காட்டுக்கு அந்தத் தண்ணி வராது. மழை பேஞ்சா ராகி, சாமை, நிலக்கடலை. மழை இல்லேன்னா புளி தட்டற வேலை. அதுவும் இல்லேன்னா பஸ் ஏற வேண்டியதுதான்.

எங்க ஆயா காலத்துல பெங்களூருக்குப் போவாங்க. கட்டட வேலைக்கு ஆணும் பொண்ணுமா கூட்டமாப் போயிட்டு, மழை விழுந்ததும் விதைக்க வந்துடுவாங்க. போனவங்க திரும்பி வந்த காலம் அது.

அம்மா காலத்துல பஸ் திருப்பூர் பக்கம் திரும்பிடுச்சு. திருப்பூர்ல பனியன் தொழில் 1920-கள்லயே ஆரம்பிச்சது. ரொம்ப வருஷம் உள்நாட்டுக்குத்தான் பனியன் போச்சு. 1970-களோட கடைசியில வெளிநாட்டு ஆர்டர் வர ஆரம்பிச்சு, 1990-கள்ல கம்பெனிகள் பெருகிடுச்சு. தருமபுரி, திருவண்ணாமலை, தேனி, திண்டுக்கல்னு எங்கெல்லாம் வானம் பொய்ச்சுதோ அங்கிருந்தெல்லாம் ஜனம் அங்க போச்சு. இந்தக் காலத்துல பீகார், ஒடிசாவுல இருந்தும் வர்றாங்க. பெங்களூரு மாதிரி இது நாலு மாச வேலை இல்ல. வருஷம் பூரா வேலை இருக்கும். அதனால போனவங்க திரும்பி வர்றது குறைஞ்சு போச்சு.

குழு வந்த கதை

இங்க நாம பெருமையாச் சொல்லிக்க வேண்டிய சேதி ஒண்ணு இருக்கு. தமிழ்நாட்டுல மகளிர் சுய உதவிக் குழு முதன்முதலா ஆரம்பிச்சது நம்ம தருமபுரி மாவட்டத்துலதான். 1989-ல, பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தோட உதவியில, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இதை ஆரம்பிச்சது. அப்ப கிருஷ்ணகிரியும் நம்ம மாவட்டத்தோட சேர்ந்தே இருந்தது. 2004-லதான் தனி மாவட்டமாப் பிரிஞ்சது. 1992-ல நபார்டு வங்கி, குழுக்களை வங்கிக் கடனோட இணைக்கற திட்டத்தைக் கொண்டு வந்தது. 1997-98-ல மகளிர் திட்டம்ங்கற பேர்ல தமிழக அரசு இதை விரிவுபடுத்துச்சு. அந்த அலையிலதான் எங்க ஊர்லயும் 2000-ல குழு அமைஞ்சது.

முதல் கூட்டம் மாரியம்மன் கோயில் திண்ணையில நடந்ததாம். பதினஞ்சு பேரு. வாரம் பத்து ரூபா சேமிப்பு. கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்க நாலே பேரு, மத்தவங்க எல்லாம் கைநாட்டு. எங்கம்மா கைநாட்டுப் பக்கம். ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா அம்மா பேருக்கு நேரா கையெழுத்து இருக்கு. எழுத்து ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

2001-ல எங்கப்பா காய்ச்சல்ல இறந்துட்டாங்க. 2002-ல அம்மா குழுவுல 3,000 ரூபா உள்கடன் வாங்கி ஆடு வாங்கினாங்க. நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபா வட்டி. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் தமிழ்நாடு பூரா வறட்சி. பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்க கிணத்துல குடிக்கவே தண்ணி இல்ல, ஆட்டுக்கு எங்க போறது? ரெண்டு ஆடு செத்துச்சு, மிச்சத்தை வந்த விலைக்கு வித்தாச்சு. நூறு நாள் வேலை எல்லாம் அப்ப கிடையாது. அது 2008-ல எல்லா மாவட்டத்துக்கும் வந்தபோதுதான் எங்க ஊருக்கும் வந்தது. நாலு வாரம் கடன் கட்ட முடியல. அஞ்சாவது வாரம் அம்மா கூட்டத்துக்கே போகல. அதுக்கு அடுத்த வாரம் விடியக்காலம் பஸ்ல திருப்பூர் போயிட்டாங்க.

எனக்கு அப்ப பதினஞ்சு வயசு. பத்தாவது சேர்ந்திருந்தேன். தம்பி ஆறாவது. எங்களை ஆயாகிட்ட விட்டுட்டுப் போனாங்க. எழுப்பிச் சொல்லிட்டுப் போகலங்கற கோவம் எனக்குள்ள ரொம்ப வருஷம் இருந்தது.

திருப்பூரில் இருபத்திரண்டு வருஷம்

அம்மா முதல்ல கைமடி வேலைக்குச் சேர்ந்தாங்க. டெய்லர் தைச்சுப் போடறதை எடுத்து மடிச்சுக் கொடுக்கற வேலை. அப்புறம் பிசிர் வெட்டறது, அப்புறம் செக்கிங். காலையில எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரை. அதுக்கு ஒன்றரை ஷிப்டுன்னு பேரு. சனிக்கிழமை சம்பளம். ஒரே ரூம்ல ஆறு பொம்பளைங்க சேர்ந்து வாடகை கொடுத்தாங்க.

2011 ஜனவரியில நொய்யல் ஆத்துச் சாயக்கழிவு வழக்குல சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு போட்டுது. விவசாயிங்க பக்கம் நியாயம் இருந்தது, அவங்க நிலமும் தண்ணியும் கெட்டுப் போயிருந்தது. ஆனா சாயம் போடாம துணி வராது, துணி வராம தையல் இல்ல. அம்மா ரெண்டு மாசம் வேலையில்லாம ஊருக்கு வந்து இருந்தாங்க. அவங்க எங்களோட சேர்ந்தாப்புல அத்தனை நாள் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

2020 மார்ச்சுல ஊரடங்கு வந்தபோது அம்மா அங்கயே மாட்டிக்கிட்டாங்க. அந்தச் சமயம் தமிழ்நாடு பூரா மகளிர் குழுக்கள் முகக்கவசம் தைச்சது உங்களுக்குத் தெரியும். எங்க குழுவுக்கும் ஆர்டர் வந்தது. மிஷின் மூணு இருந்தது, துணியைச் சேதாரமில்லாம வெட்டத்தான் யாருக்கும் தெரியல. நான் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். “துணியை நாலா மடி, அச்சை வெச்சு வரைஞ்சுட்டு ஒரே வெட்டா வெட்டு”ன்னு அம்மா சொல்லச் சொல்ல நாங்க வெட்டினோம். நீக்கின உறுப்பினர்தான் அன்னிக்கு எங்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. ஆனா தீர்மானப் புத்தகத்துல அது இல்ல. அன்னிக்குக் கணக்கு எழுதினது நான்தான், எனக்கே அது தோணல.

போறதா, இருக்கறதா

இப்ப அம்மாவுக்கு 57 வயசு. சர்க்கரை இருக்கு. முட்டி தேஞ்சு போச்சு. ரூம் மாடியில. படி ஏறும்போது வழுக்கி விழுந்து பதினஞ்சு நாள் படுத்துட்டாங்க. “வேலையை விட்டுட்டு இங்க வந்துடும்மா”ன்னுதான் நான் முதல்ல சொன்னேன். மாட்டேன்னுட்டாங்க.

காரணம் பி.எஃப். பத்து வருஷம் பி.எஃப். கட்டியிருந்தாத்தான் 58 வயசுல மாசப் பென்ஷன் உண்டு. பத்து வருஷம் நிறையலேன்னா மொத்தமா ஒரு தொகை கொடுத்து முடிச்சுடுவாங்க. அம்மா இருபத்திரண்டு வருஷம் உழைச்சும், பாதிக்கு மேல காண்ட்ராக்ட் வேலை, பி.எஃப். பிடிக்கல. பிடிச்ச வருஷத்தைக் கூட்டிப் பார்த்தா இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. பென்ஷன் குறைஞ்சபட்சம் மாசம் ஆயிரம் ரூபாதான். “ஆயிரம் ரூபாய்க்காகவாம்மா?”ன்னு கேட்டேன். “அது யாரும் கொடுக்கறது இல்ல கண்ணு, நான் சம்பாதிச்சது”ன்னாங்க.

என் வீட்டுக்காரருக்குப் போகணும்னு ஆசை. ரெண்டு பேருக்கும் வேலை கிடைக்கும்னாரு. நான் குழு நோட்டுல எழுதற மாதிரி ரெண்டு பக்கம் கோடு போட்டு எழுதினேன். போனா வர்றது: ரெண்டு பேர் சம்பளம், அம்மாவுக்குத் துணை. போனா போறது: வீட்டு வாடகை 5,500, அட்வான்ஸ் 30,000. மாட்டுக் கடன் 60,000-ல பாக்கி 38,000. மாட்டை வித்தா பால் சொசைட்டிப் பணம் நின்னுடும். மாமியாருக்கு ஆளில்ல. பெரிய பொண்ணு பத்தாவது, பொதுத்தேர்வுக்குப் பேர் கொடுத்தாச்சு. ரேஷன் அட்டை பிரச்சினையில்ல, எந்த ஊர்க் கடையிலயும் வாங்கிக்கலாம். மகளிர் உரிமைத் தொகை பேங்க் கணக்குக்கே வரும். அதெல்லாம் கவலையில்ல.

ஆனா நோட்டுல எழுதாத ஒண்ணு மனசுல இருந்தது. உங்ககிட்ட மறைக்காம சொல்றேன். ‘எனக்கு வேணும்ங்கறப்ப நீ இல்ல, உனக்கு வேணும்ங்கறப்ப நான் மட்டும் வரணுமா?’ இதை மனசுல வெச்சுக்கிட்டு எந்த முடிவு எடுத்தாலும் அது கெட்ட முடிவாத்தான் இருக்கும்னு தோணுச்சு. பன்னெண்டு நாள் லீவு சொல்லிட்டுத் திருப்பூர் போனேன்.

ஒரு ராத்திரி அம்மாவுக்கு முட்டியில தைலம் தேய்ச்சு விட்டுக்கிட்டே கேட்டேன். “என்னையும் ஏன் கூட்டிட்டுப் போகலம்மா? ஏன் சொல்லாமப் போன?”

அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க: “எழுப்பியிருந்தா நீயும் வர்றேன்னு அழுதிருப்ப. நானும் கூட்டிட்டு வந்திருப்பேன். வந்திருந்தா மறுநாளே கைமடிக்குப் போயிருப்ப. அந்த வயசுப் பிள்ளைங்க அப்ப இங்க எத்தனை பேரு தெரியுமா? நீ பத்தாவது எழுதணும்னுதான் விட்டுட்டு வந்தேன்.”

நான் 2004-ல பத்தாவது பாஸ் பண்ணினேன். மேல படிக்க முடியல. ஆனா அந்தப் பத்தாவதை வெச்சுத்தான் குழுவுல என்னைக் கணக்கு எழுதச் சொன்னாங்க. இருபத்திரண்டு வருஷமா என்னை விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சது பாதிக் கதைதான்னு அன்னிக்குத் தெரிஞ்சது. மீதிப் பாதிக் கதைக்கு நான் அழுதது அழுததுதான். அதையும் அம்மாகிட்ட சொன்னேன். ரெண்டு பேரும் அழுதோம்.

குழுக் கூட்டம்

ஊருக்கு வந்ததும் கூட்டத்துல 2003-ஆம் வருஷ வரியைப் படிச்சுக் காட்டினேன். கூடவே பழைய கடன் பேரேட்டையும் எடுத்துட்டுப் போனேன். அதுல, திருப்பூர்ல இருந்து ஊருக்கு வர்றவங்ககிட்ட அம்மா 200, 300-ன்னு கொடுத்து அனுப்பினது எல்லாம் வரவு ஆகியிருக்கு. 2005 ஜனவரியில ‘பாக்கி இல்லை’ன்னு முடிச்சிருக்கு. நீக்கினது தீர்மானப் புத்தகத்துல இருக்கு. கட்டி முடிச்சது பேரேட்டுல இருக்கு. ரெண்டையும் யாரும் சேர்த்துப் படிச்சதில்ல.

எங்க குழுவுலயே வயசான பெரியம்மா எழுந்து சொன்னாங்க: “உங்கம்மா போன அன்னிக்கு பஸ் நிக்கற இடத்துல நான் இருந்தேன். ‘கடனைக் கட்டிட்டுப் போ’ன்னு சொன்னேன். சாப்பிட்டியான்னு கேக்கல.” அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசல.

அன்னிக்கு மூணு தீர்மானம் போட்டோம். ஒண்ணு, பெத்தவங்களைப் பார்க்கவோ, வைத்தியத்துக்கோ வெளியூர் போற உறுப்பினரை ஆறு மாசம் வரைக்கும் நீக்கக் கூடாது. சேமிப்பையும் தவணையையும் போன்ல அனுப்பலாம், கடனுக்கு ஒரு உறுப்பினர் பொறுப்பு சொல்லணும். ரெண்டு, யாராவது ஊரை விட்டுப் போனா, ஏன் போனாங்கன்னு காரணத்தையும் எழுதணும். மூணு, 2003-ஆம் வருஷத் தீர்மானத்துக்குக் கீழே அம்மா கடனைக் கட்டி முடிச்சதை எழுதணும். பதினாலு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. கைநாட்டு ஒண்ணுகூட இல்ல.

என் முடிவு

நான் குடி போகல. பொண்ணு பரீட்சையைக் கெடுத்துட்டுப் போனா, அம்மா எனக்காக விட்டுட்டுப் போனதுக்கே அர்த்தமில்லாமப் போயிடும். அம்மாவையும் இழுத்துட்டு வரல. பென்ஷனை விட்டுட்டு வரச் சொல்ல எனக்கு உரிமை இல்ல.

அதுக்குப் பதிலா இப்படிச் செஞ்சோம். அம்மாவை மாடி ரூம்ல இருந்து கீழ்வீட்டுக்கு மாத்தினோம். வாடகை 700 கூட ஆகுது, அதைத் தம்பி ஓசூர்ல இருந்து அனுப்பறான். பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு வேளை சமைச்சுக் கொடுக்கறாங்க. அவங்களுக்கு மாசம் 1,500 பால் பணத்துல நான் அனுப்பறேன். அம்மா நின்னுக்கிட்டு செய்யற செக்கிங்கை விட்டுட்டு, உக்காந்து பிசிர் வெட்டற வேலைக்கு மாறிட்டாங்க. சம்பளம் குறைவு, பி.எஃப். நிக்காது. மாசத்துல நாலு நாள் நான் போய் இருக்கேன். அந்த நாலு நாள் பால் கறக்கறது என் வீட்டுக்காரர். முதல்ல முனகினாரு, இப்ப மாடே அவரைத் தேடுது.

இது முழுத் தீர்வு இல்லைன்னு எனக்குத் தெரியும். ராத்திரி போன் அடிச்சா இன்னும் நெஞ்சு பதறுது. பென்ஷன் வந்தப்புறம் அங்க இருக்கறதா, இங்க வர்றதான்னு அம்மாதான் சொல்லணும். ஆயா காலத்துல மழை முடிவு பண்ணுச்சு. அம்மா காலத்துல கடன் முடிவு பண்ணுச்சு. நான் நோட்டை விரிச்சு, கணக்குப் போட்டு, பத்துப் பேர்கிட்ட கேட்டு முடிவு பண்ணினேன். இருபத்தஞ்சு வருஷத்துல குழு எனக்குக் கொடுத்தது என்னன்னு கேட்டா, மாட்டுக் கடனுக்கு முன்னாடி இதைத்தான் சொல்வேன்.

அக்கா தங்கைகளே, உங்க குழுவோட பழைய தீர்மானப் புத்தகத்தையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்க. நீக்கின பேர் நிச்சயம் இருக்கும். அவங்க ஏன் போனாங்க, இப்ப எங்க இருக்காங்கன்னு கேளுங்க. அதுவும் நம்ம கூட்டமைப்பு வரலாறுதான்.

புதுசா எழுதின தீர்மானத்தை அம்மாவுக்குப் போன்ல படிச்சுக் காட்டினேன். முழுசும் கேட்டுட்டு அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: “கடைசித் தவணையில பன்னெண்டு ரூபா வட்டி சேர்த்துக் கொடுத்து அனுப்பினேனே, அதை எழுதினீங்களா?”

அடுத்த கூட்டத்துல எழுதிட்டோம்.